பட்ஜெட்டில் அறிவிக்கிற தொகை துறைக்கு நிஜமாகவே போய்ச் சேருகிறதா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மத்திய பட்ஜெட்டில் ஒரு திட்டத்துக்கு இத்தனை ஆயிரம் கோடி என்று அறிவித்தால் அந்தப் பணம் அந்தத் துறையின் கணக்கில் ஏறிவிடுமா, மிஞ்சினால் எங்கே போகும், பெரும்பான்மை வைத்திருக்கிற அரசு நாடாளுமன்றத்தில் செலவுக்கு அனுமதி கேட்டு மானியக் கோரிக்கை வைப்பது வெறும் சடங்குதானே, அமெரிக்காவில் அரசாங்கத்தையே இழுத்து மூடுவது போல இங்கே ஏன் நடப்பதில்லை. நான்கு கேள்வி மாதிரி தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. பிப்ரவரி 1-ம் தேதி டிவியில் ஓடுகிற எண்களில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது? நான் ஒரு மத்திய அரசுத் துறையின் நிதிப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். பணம் கேட்கிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், கொடுக்கிற பக்கத்தில் இல்லை. நிதி அமைச்சகத்தின் உள்ளறையில் எதை வைத்து வெட்டுகிறார்கள் என்பதை எங்களுக்கு வந்து சேர்ந்த முடிவுகளை வைத்துத்தான் சொல்ல முடியும். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். பட்ஜெட்டில் இருக்கும் தொகை பணம் கிடையாது, செலவு செய்ய வாங்கும் அனுமதி. அதுவும் உச்ச வரம்பு. அரசின் வரி, கடன், மற்ற வரவு எல்லாம் இந்தியத் தொகுப்பு நிதி என்ற ஒரே கணக்கில் விழுகின்றன. அதிலிருந்து ஒரு ரூபாய் எடுப்பதற்கும் சட்டம் வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 266-வது பிரிவும் 114-வது பிரிவும் சொல்கின்றன. வருடா வருடம் நிறைவேறும் நிதி ஒதுக்க மசோதாதான் அந்தச் சட்டம். அது நிறைவேறியதும் துறைக்குக் கிடைப்பது 'இந்தத் தலைப்பில் இவ்வளவு வரை எடுத்துக்கொள்ளலாம்' என்ற உரிமை மட்டும்தான். ஏப்ரல் 1-ம் தேதி காலையில் எந்தத் துறையின் பெயரிலும் பணம் வந்து நிற்பதில்லை. அந்த வருடச் செலவுக்கான பணத்தில் பெரும்பகுதி அன்றைக்கு அரசிடமே இருக்காது. வரி மாதா மாதம் வரும். ரிசர்வ் வங்கி மூலம் கடன் பத்திரங்கள் வாரா வாரம் ஏலத்துக்குப் போகும். வரவும் செலவும் ஆண்டு முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். 2025-26 பட்ஜெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி, கடன் தவிர்த்த வரவு சுமார் 34.96 லட்சம் கோடி. மீதி 15.69 லட்சம் கோடியைக் கடன் வாங்கித்தான் சமாளிக்க வேண்டும் என்று அந்த ஆவணமே சொல்லியது. அதுதான் நிதிப் பற்றாக்குறை, ஜிடிபியில் 4.4 சதவீதம்.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது, துறை இஷ்டத்துக்குச் செலவு செய்யலாமா? அதுவும் முடியாது. மாதத்துக்கு இவ்வளவு, காலாண்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே திட்டம் கொடுக்க வேண்டும். ஆண்டின் கடைசி மூன்று மாதத்தில் மொத்த ஒதுக்கீட்டில் 33 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நிதி அமைச்சகம் கட்டுப்பாடு வைத்திருந்தது, நிலைமையைப் பார்த்து அவ்வப்போது தளர்த்துவார்கள். இதைவிட முக்கியமானது, நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகும் நிதி அமைச்சகத்தின் ஒரு கடிதம் செலவை நிறுத்திவிட முடியும். 2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில் அப்படித்தான் நடந்தது. துறைகளை மூன்று வகையாகப் பிரித்து, ஒரு வகைக்கு முதல் காலாண்டில் ஆண்டு ஒதுக்கீட்டில் 20 சதவீதம், இன்னொரு வகைக்கு 15 சதவீதம் என்று கடிவாளம் போட்டார்கள். நாடாளுமன்றம் வாக்களித்த தொகையில் ஒரு ரூபாயும் மாறவில்லை, ஆனால் செலவு செய்ய வழியில்லை. சட்டப்படி இதில் தப்பு எதுவும் இல்லை. நாடாளுமன்றம் கொடுத்தது 'செலவு செய்யலாம்' என்ற அனுமதி, 'செலவு செய்தே ஆக வேண்டும்' என்ற உத்தரவு அல்ல.

அப்புறம், பட்ஜெட் ஆவணத்தில் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் அட்டவணையில் நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும். 2025-26 ஆவணம் என்றால் 2023-24-ன் உண்மைச் செலவு, 2024-25-ன் பட்ஜெட் மதிப்பீடு, அதே 2024-25-ன் திருத்திய மதிப்பீடு, பிறகு 2025-26-ன் பட்ஜெட் மதிப்பீடு. பேச்சில் வருவதும் தலைப்புச் செய்தியில் வருவதும் கடைசிப் பத்தி மட்டும்தான். எங்கள் வேலையில் நாங்கள் அதைக் கடைசியில்தான் பார்ப்போம். எதற்கு என்று ஒரு உதாரணத்தில் பார்க்கலாம்.

வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டம். 2024-25 பட்ஜெட்டில் அதற்கு 70,163 கோடி. அடுத்த பிப்ரவரியில் திருத்திய மதிப்பீடு வந்தபோது அது 22,694 கோடி ஆகியிருந்தது. அதே பக்கத்தில் பக்கத்துப் பத்தியில் 2025-26-க்கு 67,000 கோடி. 'குடிநீர்த் திட்டத்துக்கு 67,000 கோடி' என்று எழுதினால் பிரமாதமாக இருக்கும். 'போன வருடம் 70,000 கோடி சொல்லி அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை, இந்த வருடம் 67,000 கோடி சொல்கிறார்கள்' என்று எழுதினால் வேறு செய்தி. இரண்டும் ஒரே வரியிலிருந்து எடுத்ததுதான். திட்டத்தின் இலக்கு 2024 என்று வைத்திருந்தார்கள், அதை 2028 வரை நீட்டிக்கும் அறிவிப்பு 2025 பட்ஜெட் பேச்சில்தான் வந்தது. காலம் முடிந்த திட்டத்துக்குப் பணம் விடுவிப்பது எவ்வளவு சிக்கல் என்று இந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், அதனால் சரிவுக்குப் பெரிய காரணம் இதுவாக இருக்கும் என்பது என் ஊகம். எண்கள் உறுதியானவை, காரணம் ஊகம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. 2023-24 பட்ஜெட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு 60,000 கோடிதான் வைத்தார்கள். வேலை கேட்டு வந்தால் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அன்றைய சட்டம், ஆகவே திருத்திய மதிப்பீட்டில் 86,000 கோடி ஆனது. 2020-21-ல் 61,500 கோடி 1,11,500 கோடியாக உயர்ந்தது, அதற்கு கொரோனா காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கொரோனா ஓய்ந்த பிறகும் முதலில் குறைத்து வைத்துவிட்டு நடுவில் கூட்டுவது தொடர்ந்தது. வேண்டுமென்றே குறைத்து வைக்கிறார்களா? சிலர் அடித்துச் சொல்வார்கள். ஆவணத்தை வைத்துக்கொண்டு அதை நிரூபிக்க முடியாது. ஆனால் கையில் ஒதுக்கீடு குறைவாக இருந்தால் கூலி பட்டுவாடா தாமதமாகும், தாமதமானால் வேலை கேட்டு வருகிறவர்களும் குறைவார்கள். இந்த விளைவு தெரியாமல் டெல்லியில் யாரும் எண் போடுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒப்பீட்டில் நடக்கும் விளையாட்டு இன்னொன்று. 2025-26-ல் மூலதனச் செலவு, அதாவது சாலை, பாலம் மாதிரி சொத்து உருவாக்கவும் கடன் கொடுக்கவும் ஆகும் செலவு, 11.21 லட்சம் கோடி. இது எவ்வளவு உயர்வு? முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீடு 10.18 லட்சம் கோடி, அதோடு ஒப்பிட்டால் 10 சதவீதம் உயர்வு. முந்தைய ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு 11.11 லட்சம் கோடி, அதோடு ஒப்பிட்டால் ஒரு சதவீதம்கூட இல்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் பட்ஜெட் மதிப்பீட்டை பட்ஜெட் மதிப்பீட்டோடும், உண்மைச் செலவை உண்மைச் செலவோடும்தான் ஒப்பிட வேண்டும். குறுக்கே ஒப்பிட்டு யாராவது சதவீதம் சொன்னால், அவர் ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்பதை அந்தச் சதவீதமே சொல்லிவிடும்.

அந்த 11.21 லட்சம் கோடிக்குள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு. அதில் 1.5 லட்சம் கோடி மாநிலங்களுக்கு 50 வருட வட்டியில்லாக் கடன். கணக்குத் தலைப்பு எண்களைப் பார்த்துப் பழகினால் இந்த மாதிரி விஷயங்களை நீங்களே பிடித்துவிடலாம். மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் ஒவ்வொரு வரியிலும் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். 2, 3-ல் தொடங்கினால் வருவாய்ச் செலவு: சம்பளம், வட்டி, மானியம் மாதிரி கரைந்து போகிறவை. 4, 5-ல் தொடங்கினால் மூலதனச் செலவு. 6, 7-ல் தொடங்கினால் கடனாகக் கொடுப்பது. 2049 என்றால் வட்டி, 2202 என்றால் பொதுக் கல்வி, 5054 என்றால் சாலை பாலங்களுக்கான மூலதனம், 3601 என்றால் மாநிலங்களுக்குக் கொடுக்கும் நிதியுதவி, 7601 மாநிலங்களுக்குக் கடன். இப்போது வேடிக்கையைப் பாருங்கள்: குழாய் பதிக்க மாநிலத்துக்கு நிதியுதவியாகக் கொடுத்தால் அது மண்ணுக்குள் பல வருடம் கிடக்கப் போகிற சொத்து என்றாலும் மத்திய அரசின் புத்தகத்தில் 3601, அதாவது வருவாய்ச் செலவு. அந்தச் சொத்து மத்திய அரசுடையது இல்லையே. அதே பணத்தைக் கடனாகக் கொடுத்தால் 7601, உடனே அது மூலதனச் செலவில் சேர்ந்துவிடும். இதைச் சரிக்கட்டத்தான் சொத்து உருவாக்கத்துக்கான நிதியுதவியையும் சேர்த்து 15.48 லட்சம் கோடி என்று இன்னொரு எண்ணையும் காட்டுகிறார்கள். ஒரு வருடத்தில் எது உங்களுக்கு வசதியோ அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

மிஞ்சும் பணம் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். மார்ச் 31 நள்ளிரவோடு அனுமதி காலாவதியாகிறது. பணம் ஏற்கனவே துறையிடம் இல்லை என்பதால் திரும்பிப் போவதற்கும் ஒன்றும் இல்லை. அந்த அளவுக்கு அரசு குறைவாகக் கடன் வாங்கியிருக்கும், அல்லது வேறு இடத்தில் செலவு செய்திருக்கும், அவ்வளவுதான். செலவாகாது என்று முன்கூட்டியே தெரிந்தால் துறை அதை 'சரண்டர்' செய்ய வேண்டும். நடைமுறையில் யாருக்கும் சரண்டர் செய்ய மனசு வராது, காரணம் இந்த வருடம் விட்டுக்கொடுத்தால் அடுத்த வருடம் அந்த அளவு வெட்டித்தான் தருவார்கள். ஆகவேதான் மார்ச் மாதம் அரசு அலுவலகங்களில் நாற்காலி, கணினி, பயிற்சி வகுப்பு எல்லாம் பறந்துகொண்டு வரும். கடைசி மாதங்களில் அவசர அவசரமாகச் செலவு செய்வது நிதி ஒழுங்கை மீறுவதாகும் என்று 2017-ம் ஆண்டின் பொது நிதி விதிகளிலேயே எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கோரிக்கையில் 100 கோடிக்கு மேல் மிஞ்சினால் ஏன் மிஞ்சியது என்று நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவுக்கு விளக்கம் எழுத வேண்டும், அந்த விளக்கங்களைத் தயாரிப்பதே ஒரு தனி இலக்கியம்.

ஆனால் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி வெளியில் யாரும் அதிகம் பேசுவதில்லை. பட்ஜெட் கணக்கில் 'செலவு' என்று எப்போது பதிவாகும்? மத்திய அரசுத் துறை பணத்தை விடுவித்த அன்றைக்கே. அது மாநிலத்துக்குப் போய், அங்கே திட்ட அலுவலகத்துக்குப் போய், ஒப்பந்ததாரருக்குப் போய், பள்ளியோ குழாயோ வந்த பிறகு இல்லை. ஒரு காலத்தில் இப்படி 'செலவான' பணம் நாடு முழுக்க எண்ணற்ற வங்கிக் கணக்குகளில் வட்டி சம்பாதித்துக்கொண்டு கிடந்தது. டெல்லி கணக்கில் நூறு சதவீதச் செலவு, ஊரில் அஸ்திவாரம்கூடத் தோண்டியிருக்க மாட்டார்கள். 2021 ஜூலையிலிருந்து மத்திய அரசு நிதியுடன் மாநிலங்கள் நடத்தும் ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலத்தில் ஒரே ஒரு முகமை, ஒரே ஒரு வங்கிக் கணக்கு என்று கொண்டுவந்தார்கள். கையில் இருப்பதில் பெரும்பகுதியைச் செலவு செய்து காட்டி, பழைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. இதனால் முடங்கிக் கிடந்த பணம் குறைந்திருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அதே நேரத்தில், ஒரு சான்றிதழ் சிக்கியதால் ஒழுங்காக வேலை நடந்துகொண்டிருந்த இடத்திலும் பணம் நின்றுபோனதையும் பார்த்தேன். மொத்தத்தில் நன்மையா தீமையா என்றால் நன்மைதான் என்பேன், ஆனால் மாநில அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் வேறு பதில் சொல்வார், அவரிடமும் நியாயம் இருக்கும்.

இனி சடங்கு விவகாரம். 'செலவுக்குப் பணம் கொடுங்கள்' என்ற கோரிக்கை உண்மையில் இரண்டு தடவை நடக்கிறது. முதல் தடவை துறை நிதி அமைச்சகத்திடம் கேட்பது. ஆகஸ்ட் செப்டம்பர் வாக்கில் பட்ஜெட் சுற்றறிக்கை வரும், அக்டோபரிலிருந்து செலவினச் செயலரின் தலைமையில் ஒவ்வொரு அமைச்சகத்தோடும் கூட்டம். நாங்கள் வெட்டுவார்கள் என்று தெரிந்தே கூட்டிக் கேட்போம், அவர்கள் கூட்டிக் கேட்பார்கள் என்று தெரிந்தே வெட்டுவார்கள். செப்டம்பர் வரை எவ்வளவு செலவு செய்திருக்கிறீர்கள் என்பதுதான் அந்த அறையில் முதல் கேள்வி. பாதிகூட இல்லை என்றால் நீங்கள் என்ன வாதம் பண்ணினாலும் எடுபடாது. நிஜமான பேரம் அங்கேதான். அது மூடிய கதவுக்குள் நடப்பது, வெளியில் வராது என்று நினைக்க வேண்டாம். துறை எவ்வளவு கேட்டது, எவ்வளவு கிடைத்தது என்ற பட்டியலைத் துறை சார்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகள் பல சமயம் அப்படியே அச்சடித்துவிடும். பாதுகாப்புத் துறை நிலைக்குழு அறிக்கைகளில் இதை வருடா வருடம் பார்க்கலாம். அமைச்சர் சொல்லாத ஒரு எண் அரசு ஆவணத்திலேயே கிடைக்கிற இடம் அது.

இரண்டாவது தடவை அரசு மக்களவையிடம் கேட்பது. இதைத்தான் மானியக் கோரிக்கை என்கிறோம். நூறை ஒட்டிய எண்ணிக்கையில் கோரிக்கைகள் இருக்கும். அரசியல் சாசனத்தின் 113-வது பிரிவுப்படி மக்களவை ஒரு கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைத்து ஏற்கலாம். கூட்ட முடியாது. ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் முடியாது. மாநிலங்களவை பேசலாம், வாக்களிக்க முடியாது. குறைப்பதற்கு வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று உண்டு. கொள்கையே பிடிக்கவில்லை என்றால் தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்வது, ஒரு குறையைச் சுட்டிக்காட்ட மட்டும் 100 ரூபாய் குறைக்கச் சொல்வது, சிக்கனம் வேண்டும் என்றால் ஒரு குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்வது. இதில் ஒன்று நிறைவேறினாலும் அரசு பெரும்பான்மையை இழந்துவிட்டதாகத்தான் பொருள். ஆகவே ஆளுங்கட்சி உறுப்பினர் மனசுக்குள் என்ன நினைத்தாலும் எதிர்த்து வாக்களிக்க மாட்டார். 2010 ஏப்ரலில் எரிபொருள் விலையை வைத்து எதிர்க்கட்சிகள் வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்தபோது அன்றைய அரசு 289-க்கு 201 என்று பிழைத்தது, அந்த இரண்டு மூன்று நாள் டெல்லியே பரபரப்பாக இருந்தது. அப்படிப்பட்ட சந்தர்ப்பங்கள் அபூர்வம்.

வழக்கமாக நடப்பது வேறு. நான்கைந்து அமைச்சகங்களின் கோரிக்கையை மட்டும் விவாதிப்பார்கள், மீதி அத்தனையையும் கடைசி நாளில் சபாநாயகர் ஒட்டுமொத்தமாக வாக்குக்கு விடுவார், அதற்குக் கில்லட்டின் என்று பெயர். 2018 மார்ச்சில் அமளிக்கு நடுவே எல்லா கோரிக்கைகளும், நிதி மசோதாவும் சேர்ந்து அரை மணி நேரம் போல நிறைவேறிவிட்டன. 2023 மார்ச்சிலும் ஒரு கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல் எல்லாம் கில்லட்டினில் போயின. ஆக, அவையில் நடப்பதைச் சடங்கு என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் நிலைக்குழுக்களை அதில் சேர்க்க வேண்டாம். 1993-ல் தொடங்கிய அந்தக் குழுக்களில் கேமரா இல்லை, கொறடா உத்தரவு இல்லை. எங்கள் அதிகாரிகள் அவைக்குப் போவதைவிட அங்கே போவதற்குத்தான் பயந்தார்கள். போன வருடம் கேட்டதில் 40 சதவீதத்தைச் செலவு செய்யவில்லையே, இந்த வருடம் ஏன் கூடக் கேட்கிறீர்கள் என்று ஒரு உறுப்பினர், சில நேரம் ஆளுங்கட்சிக்காரரே, நேருக்கு நேர் கேட்பார். பதில் தயாராக இல்லை என்றால் வியர்த்துவிடும். அந்தக் கேள்வியால் ஒதுக்கீடு மாறுமா? அந்த வருடம் மாறாது. அடுத்த வருடம் மாறியிருக்கலாம், அதற்குக் குழுதான் காரணமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

வாக்கெடுப்புக்கே வராத ஒரு பகுதியும் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், அரசின் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் சம்பளம், அரசு வாங்கிய கடனுக்கான வட்டி போன்றவற்றை 112-வது பிரிவு தனியே வைக்கிறது. இவற்றைப் பற்றி அவையில் பேசலாம், வாக்களிக்க முடியாது. நீதிபதிகளின் சம்பளத்தை எம்பிக்கள் கையில் கொடுக்கக் கூடாது என்பது புரிகிறது. ஆனால் வட்டி மட்டுமே 2025-26-ல் 12.76 லட்சம் கோடி, அதாவது மொத்தச் செலவில் கால்வாசி. பட்ஜெட் விவாதம் என்று எதைப் பற்றிச் சண்டை போட்டாலும் அந்தக் கால் பங்கை யாரும் தொட முடியாது, அதன் மேல் சம்பளம், ஓய்வூதியம், மாநிலங்களுக்குச் சட்டப்படி போக வேண்டியது எல்லாம் சேர்ந்தால் ஒரு நிதி அமைச்சர் நிஜமாக விருப்பப்படி கையாளக்கூடிய பகுதி சிறியதுதான்.

நடுவில் பணம் போதவில்லை என்றால் துணை மானியக் கோரிக்கை. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும். இதில் ஒரு விநோதமான வரியைப் பார்ப்பீர்கள்: பல நூறு கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அடையாளமாக ஒரு லட்சம் ரூபாய் மட்டும் கேட்டிருப்பார்கள். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அச்சுப்பிழை போலத் தோன்றும். விஷயம் என்னவென்றால் அதே கோரிக்கைக்குள் வேறு எங்கோ பணம் மிஞ்சியிருக்கிறது, அதை இங்கே திருப்பினால் போதும். ஆனால் இது நாடாளுமன்றம் முன்பு பார்க்காத புதிய செலவு என்பதால் அவையின் அனுமதி இல்லாமல் திருப்ப முடியாது, அந்த அனுமதிக்காக ஒரு லட்சம். அதனால்தான் துணைக் கோரிக்கையில் மொத்தத் தொகை என்று ஒன்றும், அரசின் கையிலிருந்து கூடுதலாகப் போகும் நிகரத் தொகை என்று அதைவிட மிகச் சிறிதாக ஒன்றும் இருக்கும். 'அரசு கூடுதலாக இத்தனை லட்சம் கோடி கேட்கிறது' என்று செய்தி வந்தால் எந்த எண் என்று பாருங்கள். நாடாளுமன்றம் கூடும் வரை காத்திருக்க முடியாத அவசரத்துக்கு எதிர்பாராச் செலவு நிதி இருக்கிறது, 500 கோடியாக இருந்ததை 2021-ல் 30,000 கோடியாக உயர்த்தினார்கள்.

அமெரிக்க ஒப்பீட்டைச் சுருக்கமாக முடிக்கிறேன். அங்கே அதிபர் அனுப்புவது நிஜமாகவே கோரிக்கைதான், காங்கிரஸ் அதைக் கூட்டலாம், குறைக்கலாம், குப்பையில் போட்டுவிட்டுச் சொந்தமாக எழுதலாம். அதிபரின் பதவி அதனால் போகாது. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காமல் அக்டோபர் 1 வந்துவிட்டால் செலவு செய்யச் சட்டம் இல்லாமல் அலுவலகங்கள் மூடப்படும், 2025-ல் அப்படி 43 நாள் நீடித்தது. இங்கே மக்களவை பணம் தர மறுத்தால் அலுவலகம் மூடாது, அரசு கவிழும். பெரும்பான்மை இருக்கும் வரை மறுப்பு வராது. ஏப்ரல் 1-க்குள் முழு பட்ஜெட் நிறைவேறாத நிலை வந்தால் 116-வது பிரிவுப்படி சில மாதச் செலவுக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்வார்கள். தேர்தல் ஆண்டான 2024-ல் பிப்ரவரி 1-ல் இடைக்கால பட்ஜெட் போட்டு நான்கு மாதத்துக்கு அப்படி வாங்கினார்கள், முழு பட்ஜெட் ஜூலை 23-ல் வந்தது. முன்பெல்லாம் பட்ஜெட்டே பிப்ரவரி கடைசியில் என்பதால் ஒவ்வொரு வருடமும் இந்த இடைக்கால அனுமதி தேவைப்பட்டது. 2017-ல் தேதியை பிப்ரவரி 1-க்கு நகர்த்தியதில் துறைகளுக்குக் கிடைத்த நிஜமான லாபம், ஏப்ரல் முதல் நாளே முழு அனுமதி கையில் இருப்பதுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பத்திகளையும் ஒழுங்காகப் படித்தாலும் சில விஷயங்கள் அதற்குள் வராது. உணவு மானியத்தில் அது நடந்தது. அரசு கொடுக்க வேண்டிய மானியத்தை முழுதாகக் கொடுக்காமல், இந்திய உணவுக் கழகத்தைச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்க வைத்து வருடக் கணக்கில் ஓட்டினார்கள். கடன் கழகத்தின் பெயரில், ஆகவே பற்றாக்குறைக் கணக்கில் தெரியாது. 2020-21-ல் அதையெல்லாம் பட்ஜெட்டுக்குள் கொண்டுவந்தபோது 1,15,570 கோடி என்று போட்டிருந்த உணவு மானியம் திருத்திய மதிப்பீட்டில் 4,22,618 கோடியாகக் குதித்தது. அந்த வருடம் இலவச அரிசியும் இருந்தது, ஆனாலும் அந்தக் குதிப்பில் பெரும்பகுதி பழைய பாக்கி. சிஏஜி இதை முன்பே எழுதியிருந்தது, தனி அறிக்கையாக. பட்ஜெட்டை மட்டும் படித்தவருக்கு அது தெரிந்திருக்காது.

உங்களுக்கு அக்கறை உள்ள ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பதாக இருந்தால், பட்ஜெட் பேச்சை விட்டுவிடுங்கள். அரசின் பட்ஜெட் தளத்தில் செலவின பட்ஜெட் என்ற தொகுதியில் அந்தத் துறையின் கோரிக்கையைத் திறந்து, ஐந்தாறு வருட ஆவணங்களிலிருந்து அந்த ஒரே வரியின் பட்ஜெட் மதிப்பீட்டையும் உண்மைச் செலவையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தின் உண்மைச் செலவு இரண்டு வருடம் கழித்து வரும் ஆவணத்தில்தான் இருக்கும், அதை மறந்துவிட்டுத் தேடி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். பிறகு அந்தத் துறையின் நிலைக்குழு அறிக்கையில் 'கேட்டது' என்ற பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவுக்கும் ஒரு மாலை நேரம் போதும். நீங்கள் எந்தத் திட்டம் என்று சொன்னால் எந்தக் கோரிக்கையில், எந்தத் தலைப்பில் தேட வேண்டும் என்று சொல்கிறேன், மாநிலம் வழியாகப் போகிற திட்டம் என்றால் மாநில பட்ஜெட்டிலும் அதற்கு ஜோடியாக ஒரு வரி இருக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.